தையல்நாயகி வீட்டுக் கல்

தையல்நாயகியை ஊர் தள்ளிவைத்த மாசி மாதத்தில், அவள் கருவாடு காயப்போடும் வாடிக்கு நேர் மேலே, ஒரு பனைமர உயரத்தில், ஒரு கல் வந்து நின்றது. நின்றது என்பது பேச்சுக்குத்தான், இருந்த இடத்திலேயே அது சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பைபர் படகு அளவு இருக்கும். சேனைக்கிழங்கு மாதிரி அங்கங்கே புடைத்து, ஒரு பக்கம் யாரோ கடித்துத் துப்பினாற்போலக் குழிந்து, கருகிய நிறத்தில், கட்டிய கயிறு இல்லாமல், தாங்கிய தூண் இல்லாமல், சத்தமும் இல்லாமல், ஆற அமரச் சுற்றியது. காலையில் வாளைமீனைப் புரட்டிப் போட வந்த தையல்நாயகி, தரையில் ஒரு நிழல் ஓடுவதைப் பார்த்துக் கழுகு என்று நினைத்துக் கையை வீசி விரட்டினாள். நிழல் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பாதியில் விட்ட வரிசையைப் புரட்டி முடித்தாள், ஏனென்றால் வாளை ஒரு பக்கமே வெயில் குடித்தால் முறுக்கிக்கொள்ளும், மேலே கல் வந்ததெல்லாம் அதற்குத் தெரியாது.

பொழிமேட்டுக் குப்பத்தில் பெற்ற தாயை அடித்தவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியவளுக்குக் கிடையாது. தை மாதம் அவள் புருஷன் காத்தலிங்கம் வலை வளைத்துக்கொண்டிருந்தபோது, ஊர்த் தலைவரான நாட்டார் சிங்காரத்தின் விசைப்படகு, அதை ஓட்டிய அவர் மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்ததில், காத்தலிங்கத்தின் படகைப் பின்பக்கத்து ஓரத்தில் இடித்துவிட்டுப் போனது. நடுவில் இடித்திருந்தால் படகு பிளந்திருக்கும். ஓரத்தில் இடித்ததால் படகு கிறுகிறுவென்று சுற்றியது, காத்தலிங்கம் தூக்கி எறியப்பட்டு மண்டையில் அடிபட்டான், படகு பிறகு நின்றுவிட்டது, அவன் தலை மட்டும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தால் வீடு சுற்றியது, மூடினால் கடல் சுற்றியது. மாசி பிறந்ததும் ஊர்ப் பஞ்சாயத்து மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, கடல் செய்த வேலைக்கு மனுசன் என்ன செய்வான் என்று சொல்லிக் கலைந்தது. தையல்நாயகி மறுநாள் பஸ் ஏறிப் போய் நாட்டார் மகன் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே கோயில் மைக்செட்டில் நாட்டாரின் குரல் வந்தது. தையல்நாயகி வீட்டோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, அவள் வீட்டுச் சாமான் எந்த வீட்டு வாசலில் கிடந்தாலும் அந்த வீடும் தள்ளுபடி, புகாரை வாபஸ் வாங்கிக் கோயில் முன்னால் ஊர்க் காலில் விழுந்தால்தான் தீட்டு நீங்கும். ஸ்டேஷனிலோ, இடித்ததைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தனையாவது வைகாசி முடிவதற்குள் கூட்டி வா, இல்லாவிட்டால் புகாரை மூடிவிடுவோம் என்றார்கள். பார்த்தவன் இருந்தான். நாட்டார் படகில் வலை இழுக்கும் வைரக்கண்ணு, பக்கத்து வீட்டுக்காரன், அவன் பெண்டாட்டி பூங்காவனமும் தையல்நாயகியும் ஒரே வாடியில் சேர்ந்து மீன் கீறி வளர்ந்தவர்கள். வைரக்கண்ணு அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கமே பார்க்காமல் சுற்றுவழியில் கடலுக்குப் போனான்.

ஆகவே கல் வந்தபோது ஊருக்குப் பெரிய தர்மசங்கடம் ஆகிவிட்டது. எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஆம்பளைகள் அது காற்றில் சுற்றுகிறது என்றார்கள். காற்று விழுந்தது, கல் சுற்றியது. கருவாட்டுக்காரப் பொம்பளைகள் அதைக் கல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் கிடந்து முன்னும் பின்னும் திரும்புகிற பொருள் அவர்கள் அறிந்த வரையில் ஒன்றே ஒன்றுதான், ஆகையால் இது எங்கேயோ பெரிய கடலில் பிடித்து, உப்பில் ஊறி, கல்லாகக் காய்ந்துபோன ஏதோ மீன், புரட்டிப் போட ஆளில்லாமல் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது என்று முடிவு கட்டினார்கள். நல்லா காயட்டும் என்று ஒருத்தி சொன்னாள். கடற்காகங்கள் அதன் மேல் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கின.

நாட்டாருக்கு முதலில் அங்கே ஒரு கோயில் எழுப்பத்தான் ஆசை. ஆனால் தேங்காய் உடைக்க வேண்டுமென்றால் தள்ளிவைத்தவள் வாடிக்குள் இறங்க வேண்டும். ரெண்டு நாள் யோசித்தார், மூன்றாம் நாள் மைக்கைப் பிடித்தார். அவள் வாடிக்கு மேலே நிற்பது அவள் வீட்டுச் சாமான், அது அவளுடைய கல், ஆகவே கல்லும் தள்ளுபடி, இனி யாரும் அதை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது, மைக்கில் வேறு போய்விட்டது.

அன்றிலிருந்து பொழிமேடு தலையைக் குனிந்துகொண்டது. சின்னக் குப்பம், பெரிய கல், எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் அது கண்ணில் படும், அதனால் யாரும் நிமிரவில்லை. மீன் ஏலம் கூறுகிறவன் மீனைப் பார்த்தே கூவினான். தேங்காய் பறிக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு மரம் ஏறினான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைத் தடவிக் கண்டுபிடித்துத் தாலி கட்டினான், போட்டோவில் எல்லாருடைய வகிடும் தெளிவாக விழுந்திருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கழுத்துவலித் தைலம் தீர்ந்துபோனது. வானம் பார்த்துக் கடல் இறங்குகிற ஜனம் வானம் பார்க்காமல் இறங்கி, ரெண்டு தடவை மழையில் மாட்டி வலையை அறுத்துவிட்டு வந்தது. கல்லின் நிழல் தெருவில் ஓடும்போது மட்டும் பொம்பளைகள் சேலையைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் இது அதிகம் என்று சொல்லவில்லை. அந்த ஊரின் குணம் அது, எதையும் பழக்கிக்கொள்ளும்.

தையல்நாயகிக்கு ஊர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் வீட்டு நாயிடம் சொன்னது. அப்படி ஒரு வழக்கம் அங்கே உண்டு, மனுசியிடம் பேசினால்தான் குற்றம், நாயிடம் பேசலாம். குழாய்த் தண்ணீருக்கு எல்லாரும் போன பிறகு வா என்பதை நாயிடம் சொன்னார்கள். வெளியூர்க் கருவாட்டு வியாபாரியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம் என்பதையும் நாயிடம்தான் சொன்னார்கள். பூங்காவனம் ஒரு நாள் வேலியோரம் நின்று, நாயே, அக்கா இளைச்சுப்போச்சு, சாப்பிடச் சொல்லு, என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தையல்நாயகி உள்ளே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள், அது யாருக்கும் தெரியாது.

அந்தக் கல்லால் ஒரே ஒரு நல்லது நடந்தது. காத்தலிங்கத்தைக் கயிற்றுக் கட்டிலோடு வாடிக்கு இழுத்து வந்து கல்லுக்கு நேர் கீழே போட்டாள். அவன் தலை சுற்றுகிற வேகமும் கல் சுற்றுகிற வேகமும் ஒன்றாக இருந்தன போலும், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும்போது அவனுக்குச் சுற்றியிருந்ததெல்லாம் நின்றது.

"தையலு, வேலி நிக்குது," என்றான் அவன். "தென்னமரம் நிக்குது. நீ நிக்குற."

"நான் எப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள்.

பங்குனியில் காரைக்கால் காலேஜில் பாடம் எடுக்கிற பர்வீன் டீச்சர் கல்லைக் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தாள். வெளியூர்க்காரி, அவளை எந்தத் தள்ளுபடியும் கட்டாது. மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தையல்நாயகி கொடுத்த கடுங்காப்பியைக் குடித்தாள். ஒரு மாசமாக வெளி மனுசக் குரல் கேட்காத வீட்டில் அவள் பேசியதெல்லாம் தேன் மாதிரி இருந்தது.

"யாரு டீச்சர் இதைச் சுத்தி விட்டது?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"இது வானத்துல இருந்த காலத்துல இன்னொரு கல்லு வந்து மோதியிருக்கும்க்கா. நடுவுல படாம ஓரத்துல பட்டா, சுத்த ஆரம்பிச்சிடும்."

காத்தலிங்கம் கட்டிலில் இருந்தபடியே தலையை ஆட்டினான். "என் படகும் அப்படித்தான் சுத்துச்சு. ஆனா நின்னுடுச்சே."

"தண்ணி தேய்ச்சு நிறுத்திடும்ண்ணே. இது வந்த வானத்துல தேய்க்க ஒண்ணும் கிடையாது, காத்துகூட இல்ல. நிறுத்த ஆளில்லைன்னா, இடிச்சவன் போனப்புறமும் சுத்திக்கிட்டேதான் இருக்கணும்."

தையல்நாயகி எண்ணுகிற மாதிரி கல்லை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "வந்தப்ப இருந்ததுக்கு இப்ப வேகம் கூடியிருக்கு," என்றாள். "ஒரு வரிசை மீன் புரட்டுறதுக்குள்ள முன்ன ஒரு சுத்து, இப்ப ரெண்டு."

"அது வெயிலு. வெயில் பட்ட பக்கம் சூடாகும், அந்தச் சூடு திரும்ப வெளிய போறப்ப கல்லைத் துளியூண்டு தள்ளும். நல்ல உருண்டையா இருந்தா இந்தப் பக்கம் தள்ளுறதும் அந்தப் பக்கம் தள்ளுறதும் சரியாப் போயிடும், சுத்த வைக்காது. இது கோணலும் மாணலுமா இருக்கே, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் கம்மியாவும் தள்ளும். சில கல்லுக்கு அதுல வேகம் கூடும், சிலதுக்குக் குறையும். இதுக்குக் கூடுது. வானத்துல அதுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆகும்."

"இங்க?"

"இங்க எனக்குத் தெரியாதுக்கா. நான் படிச்ச படிப்புக்கு இது இங்க நிக்கவே கூடாது." டீச்சர் சிரித்துவிட்டாள். "இன்னொண்ணு. இது ஒரே கல்லு இல்ல. மோதி உடைஞ்ச துண்டெல்லாம் ஒண்ணை ஒண்ணு லேசாப் பிடிச்சுக்கிட்டு ஒரே கல்லு மாதிரி நிக்குது. வேகம் ரொம்பக் கூடினா பிடி விட்டுடும்."

டீச்சர் போன பிறகு தையல்நாயகி மேலே பார்த்தபடி நின்றாள். முறுக்கிக்கொண்ட வாளையை வெயில் எப்படிப் புரட்டும் என்று அவளுக்குத் தெரியும், ஒழுங்காகப் படிந்து கிடக்கிற மீனை அது ஒன்றும் செய்யாது. நாம கோணலாகவே இருப்போம் என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

சித்திரையில் கத்திரி வெயில் பிடித்தது. கல்லுக்கு வெறி வந்தது. முதலில் புடைப்பும் குழியும் கண்ணுக்குத் தெரிந்தன, பிறகு கலங்கலாகத் தெரிந்தன, நிழல் தெருவில் ஓடுவதை விட்டுத் துடிக்க ஆரம்பித்தது. குனிந்த தலையோடு ஊர் நடுங்கியது. நாட்டார் சிங்காரம் வேலியோரம் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தரையைப் பார்த்த முகம்.

"ஏ நாயே," என்றார். "உன் எசமானிகிட்டச் சொல்லு. வைகாசியில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டணும். தீட்டை வெச்சுக்கிட்டுக் காப்புக் கட்ட முடியாது. அதுக்குள்ள கல்லை நிறுத்தி, கேஸை வாபஸ் வாங்கி, வந்து விழச் சொல்லு. இல்லாட்டி ஊரை விட்டுப் போகச் சொல்லு."

"நாயே," என்றாள் தையல்நாயகி, கையில் இருந்த மீனைக் கீழே வைக்காமல். "இடிச்சவரு வீட்டுப் பெரியவருகிட்டச் சொல்லு. கல்லைச் சுத்த விட்டது நான் இல்ல, நிறுத்தவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் மாட்டேன்."

நாய் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. விற்காத கருவாடு குவிந்து புழு வைத்தது, உப்பு தீர்ந்துபோனது, காத்தலிங்கத்துக்குக் கல்லின் வேகம் பிடிபடாமல் மறுபடியும் வாந்தி ஆரம்பித்தது, வைகாசியும் பிறந்துவிட்டது. ஒரு நாள் காலையில் குளித்து ஈரச் சேலையோடு கோயிலைப் பார்த்து நடந்தாள். விழுந்துவிடுவோம், மண்ணில் விழுந்தால் மண் ஒட்டும், தட்டிவிட்டால் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கோயில் தெருவில் பாதி தூரம் போனபோது ஊர் எதிரே வந்தது. பார்த்த இடமெல்லாம் உச்சந்தலை. எண்ணெய் வைத்தது, வைக்காதது, வழுக்கை, நரை. ஒரு முகம்கூட இல்லை. தான் விழுந்தாலும் யார் முகத்தையும் பார்த்து விழப் போவதில்லை, இந்த உச்சந்தலைகளுக்குத்தான் விழப் போகிறோம் என்று அவளுக்குப் பட்டது. கோபம் பொங்கி வந்தது. அந்த இடத்திலேயே திரும்பி, வேகமாக, தெருவே கேட்கும்படி காலை ஓங்கி வைத்து வீட்டுக்கு நடந்தாள்.

காப்புக் கட்டும் நாள் உச்சி வெயிலில் பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தபோது, கல்லின் துடிப்பு மறைந்து, அது அசையாமல் நிற்பது போல ஒரு வட்டமாக ஆனது. அப்போது பிடி விட்டது. வெடிக்கவில்லை, சத்தம் இல்லை, தீ இல்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருத்தராகக் கிளம்பிப் போவது போலத் துண்டு துண்டாகக் கழன்று, ஒரு துண்டும் தரையில் விழாமல், யார் மேலும் படாமல், வழி தெரிந்த மாதிரி தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு ஒன்றாக, வாசலுக்கு நேரே, நெஞ்சு உயரத்தில் நின்று சுற்ற ஆரம்பித்தது. குடிசைக்குத் தேங்காய் அளவு, ஓட்டு வீட்டுக்குப் பூசணி அளவு, நாட்டாரின் மாடி வீட்டுக்கு அம்மிக்கல் அளவு. மாரியம்மன் சன்னதி வாசலிலும் ஒன்று வந்து நின்றது. குனிந்திருந்த ஊர் இதைப் பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை, அது கண்ணுக்கு நேரே இருந்தது.

பூசாரிதான் முதலில் வாயைத் திறந்தான். தையல்நாயகி வீட்டுச் சாமான் எந்த வாசலில் கிடந்தாலும் அந்த வீடும் தள்ளுபடி என்பது சட்டம். கல் தையல்நாயகியுடையது என்பது மைக்கில் சொன்னது. அப்படியென்றால் இந்த வீடு, அந்த வீடு, நாட்டார் வீடு, ஆத்தா வீடு. யார் யாருக்குக் காப்புக் கட்டுவது என்று கேட்டான்.

நாட்டார் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டுக் கல்லை ஆள் வைத்துப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார், அது சுற்றிய கையோடு ஆளைச் சுற்றி விட்டது. வலையைப் போட்டு இழுத்தார், வலை முறுக்கிக் கயிறாகிப்போனது. கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்றது, திறந்தால் அங்கேயே இருந்தது. பூவும் பாலும் வைத்துப் பார்த்தார், பூ வாடியதுதான் மிச்சம். கடைசியில் தையல்நாயகி வாடிக்கு வந்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றது. அவர் நாயைத் தாண்டிப் பார்த்தார்.

"தையலு," என்றார்.

மூணு மாசத்துக்குப் பிறகு ஊர் அவள் பெயரைச் சொன்னது. அவள் கையில் இருந்த மீனைப் புரட்டிப் போட்டாள்.

"உன் கல்லை நீயே எடுத்துக்கம்மா. ஊரே தீட்டாக் கிடக்குது."

"என்னோட கல்லுன்னு மைக்கில சொன்னது நீங்க. நான் சொல்லல."

"சரி, இல்லேன்னு சொல்லிடறேன். சட்டத்தை எடுத்துடறேன்."

"நீங்க எப்படி எடுப்பீங்க நாட்டாரே? தள்ளுபடியான வீட்டு ஆளு பஞ்சாயத்துல உக்கார முடியாதே."

மாமா என்று கூப்பிட்டவள்தான், இப்போது நாட்டாரே என்றாள். அதுவும் அவர் காதில் விழுந்தது.

"அப்ப நாங்க என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம்," என்றாள் தையல்நாயகி. "முதல்ல கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும். எனக்குப் பழகிடுச்சு."

அவர் போன வழியில் பூங்காவனம் வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை, வந்த பிறகு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. "அக்கா, உப்பு வேணுமா?" என்றாள். அதற்கு மேல் ரெண்டு பேராலும் முடியவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தள்ளுபடியானவள் தள்ளுபடியானவளிடம் பேசுவதைத் தடுக்க அந்த ஊரில் எந்தச் சட்டமும் இல்லை. அந்த வாரத்தில் ஊரே ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிட்டது, நாய்க்குத்தான் மவுசு குறைந்தது.

தையல்நாயகி வாடிக்கு மேலே மிச்சமாக நின்றது ஒரு கை அகலத் துண்டு. பழைய வேகத்தில், ஆற அமரச் சுற்றியது. அதைப் பார்த்தபடி காத்தலிங்கம் எழுந்து உட்கார்ந்தான், மறுநாள் நடந்தான், அதற்கும் மறுநாள் பஸ் ஏற முடியும் என்றான். வைகாசி முடியப் போகிற ஒரு காலையில் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். சாட்சி இல்லை, இருந்தாலும் போவோம், மூடுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து மூடட்டும் என்பது அவள் எண்ணம். துண்டுக் கல் அவர்கள் தலைக்கு மேலே கூடவே வந்தது.

பஸ் ஸ்டாப்பில் வைரக்கண்ணு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணி, நானும் வர்றேன்," என்றான். "இடிச்சதைப் பார்த்தது நான்தானே."

தையல்நாயகிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "இத்தனை நாளு எங்கய்யா இருந்த?"

"வீட்டை நினைச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன் அண்ணி." அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "இப்ப நானும் தள்ளுபடி. இனிமே என்னை எங்க தள்ளுவாங்க?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவதற்கு நிறைய இருந்தது, திரும்பி வரும்போது திட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பஸ் வந்தது. காத்தலிங்கத்தை ஜன்னலோரம் உட்கார வைத்து, தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு, வைரக்கண்ணுவுக்கு இடம் விட்டாள். கல் இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றது. வெளியே மீன் கூடையோடும் குடத்தோடும் ஊர் நின்றுகொண்டிருந்தது, இந்தத் தடவை எல்லாருக்கும் முகம் இருந்தது, நாட்டாருக்கும் இருந்தது. கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டான். தையல்நாயகி அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன் ஸ்டாப்பு," என்றாள். "மூணு பேரு."